தகரக் கூரையும் சிக்கன உபதேசமும்

பங்குனி முடிவதற்குள் உபதேசம் ஆரம்பமாகிவிடுகிறது. மோர் குடியுங்கள், பருத்தித் துணி உடுத்துங்கள், பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை வெயிலில் நடமாடாதீர்கள், ஜன்னலில் ஈரத் துணி கட்டுங்கள், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழியுங்கள்! பத்திரிகைகள் எழுதுகின்றன, டெலிவிஷன் பேசுகிறது, சர்க்கார் சுற்றறிக்கை விடுகிறது.

யாருக்கு இந்த உபதேசம்? ஒரகடத்தில் இரவு ஷிப்டு முடித்து, காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, பத்தடிக்குப் பத்தடித் தகர அறையில் பகலெல்லாம் தூங்க முயலும் தொழிலாளிக்கா? அவன் அறையில் ஜன்னல் எங்கே இருக்கிறது, ஈரத் துணி கட்ட? வாலாஜாபாத் பக்கம் சித்திரை வெயிலில் குனிந்து களை பறிக்கும் பெண்ணுக்கா? பன்னிரண்டு மணிக்கு அவள் வரப்பேறினால் கூலியில் பாதியைப் பிடித்துக்கொள்ளும் நிலக்காரர், மோருக்குக் காசு கொடுப்பாரா?

சிக்கனம் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழையதாக உண்ணும் குடும்பத்துக்குச் சிக்கனத்தைப் பற்றி வேறொருவன் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. நம் வழக்கு இதுதான்: உழைப்பாளி வீட்டில் வேகும் வேக்காடு அவனுடைய பழக்கத்தால் வந்ததா, அவன் தலைக்கு மேல் போட்ட கூரையால் வந்ததா? கூரையால் வந்தது என்றால், அந்தக் கூரையினால் லாபம் அடைந்தவர்கள் யார்? இதைக் கேட்காமல் சிக்கனம் பேசுகிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ முதலாளியின் கணக்கப்பிள்ளை வேலையைச் செய்கிறார்கள்.

குளிர் தேசத்திலும் இதே பாட்டு

இந்த உபதேசம் நம் நாட்டுச் சரக்கு மட்டுமல்ல. பனி கொட்டும் இங்கிலாந்தில் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்வது உயிர்ப் பிரச்னை. 2022 ஜனவரியில், எரிவாயு விலையும் மின்சார விலையும் ஏறிக்கொண்டிருந்த நேரம், அங்கே ஓவோ என்ற கம்பெனியின் கீழ் இயங்கிய மின்சார வியாபார ஸ்தாபனம் தன் வாடிக்கைக்காரர்களுக்கு ஒரு யோசனைப் பட்டியல் அனுப்பியது. குளிரைச் சமாளிக்க வளர்ப்பு நாயையோ பூனையையோ அணைத்துக்கொள்ளுங்கள், சூடாகக் கஞ்சி குடியுங்கள், கைகாலை விரித்து எம்பிக் குதியுங்கள் என்று அதில் எழுதியிருந்தது! ஜனங்கள் காறித் துப்பினார்கள். கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பில்லை மட்டும் குறைக்கவில்லை.

அங்கே "சூடா, சோறா?" என்று கேள்வி எழுந்தது. அடுப்புக்கும் கணப்புக்கும் சேர்த்துப் பணம் கட்ட முடியாத கிழவர்களும் குழந்தைகளும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். நம் மலைத் தோட்டங்களில் தேயிலை கிள்ளும் தோழர்களுக்கு இது புரியும். நீலகிரியிலும் வால்பாறையிலும், கடல் கடந்து இலங்கையின் நுவரெலியாவிலும், தை மாதக் குளிரில் தகரம் வேய்ந்த லயன் அறைகளில் சாக்குப் படுதா தொங்கவிட்டுத் தூங்கிய தலைமுறைகள் நம்முடையவை. வெள்ளைக்காரத் துரைமார் பங்களாவில் புகைபோக்கி வைத்த கணப்பு எரிந்தது. மலையில் அந்தத் தகரம் விறைக்க வைத்தது. சமவெளியில் ஸ்ரீபெரும்புதூரில் அதே தகரம் அவித்தெடுக்கிறது. குளிர் காலத்துக்கும் கோடைக்கும் ஏற்றபடி வீடு கட்டத் தெரியாத நாடல்ல இது. யாருக்குக் கட்டுவது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

அறைக்குள் என்ன நடக்கிறது?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் இரு புறமும் பாருங்கள். மாத்தூர், வல்லம், பண்ருட்டி, மாம்பாக்கம், இந்தப் பக்கம் சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் 1990களில் வந்தது. செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை 2000இல் ஓட ஆரம்பித்தது. நோக்கியா 2006இல் வந்து 2014 நவம்பரில் கதவை மூடிவிட்டுப் போனது. ரெனோ நிஸான் 2010இல் வந்தது. பிறகு டைம்லர், ராயல் என்பீல்டு, யமஹா. கம்பெனிகளுக்கு நிலம் வந்தது, தண்ணீர் வந்தது, தடையில்லா மின்சாரம் வந்தது, ஆறு வழிச் சாலை வந்தது. வேலை செய்ய வந்த லட்சக்கணக்கான மனிதர்கள் எங்கே தலை சாய்ப்பார்கள் என்பதை மட்டும் சர்க்காரும் கேட்கவில்லை, கம்பெனியும் கேட்கவில்லை.

கிராமத்துக்காரர்கள் மிஞ்சிய மூன்று சென்ட் நாலு சென்ட் மனையில் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி, மேலே தகரமோ சிமெண்டு ஷீட்டோ போட்டு, வரிசையாகப் பத்து அறை கட்டினார்கள். லைன் வீடு என்று அதற்குப் பெயர். ஒரே சுவருக்கு இரு பக்கமும் குடித்தனம். அதனால் காற்று உள்ளே வந்து வெளியே போக வழியில்லை. வாசல்தான் ஜன்னல். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்த பையன்கள் ஓர் அறைக்கு நாலு பேர், ஐந்து பேர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் காண்டிராக்டர் கூட்டிவந்த தோழர்கள் இன்னும் அதிகம். ஒருவன் ஷிப்டுக்குப் போகும்போது அவன் பாயில் இன்னொருவன் படுக்கிறான்.

தகரம் வெயில் பட்ட அரை மணியில் காய்ந்துவிடும். கையை வைத்தால் தோல் உரியும். அந்தச் சூடு கீழே படுத்திருக்கிறவன் மேல் நேராக இறங்கும். கான்கிரீட் மட்டம் வேறு மாதிரி. பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு அதைக் கீழே விட ஆரம்பிக்கும். நடுராத்திரி வரை விட்டுக்கொண்டேயிருக்கும். ஆகவே பகல் ஷிப்டுக்காரன் மொட்டை மாடி அறையில் இரவில் வேகிறான், இரவு ஷிப்டுக்காரன் தகர அறையில் பகலில் வேகிறான். எட்டு மணி நேரத் தூக்கத்துக்காகச் சிகாகோ தொழிலாளி காலத்திலிருந்து போராடி வந்திருக்கிறோம். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் சொந்த வாழ்வு என்று! ஓய்வு நேரத்தைக் கடிகாரம் கொடுத்தது, கூரை பிடுங்கிக்கொண்டது. தூங்காத கண்ணோடு பிரஸ் மெஷினில் கை கொடுக்கிறவனுக்கு விரல் போனால், "கவனக் குறைவு" என்று ரிப்போர்ட் எழுதுகிறார்கள். முந்திய பகல் அவன் படுத்த அறையில் எத்தனை டிகிரி இருந்தது என்று எந்த ரிப்போர்ட்டிலும் பத்தி கிடையாது.

இதே தொழிலாளி வேலை செய்யும் எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்குள் போய்ப் பாருங்கள். அங்கே இதமான குளிர். மனிதனுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். சில்லுக்கும் சர்க்யூட் பலகைக்கும் வெப்பமும் ஈரமும் ஆகாது. அதற்காக அந்தக் குளிர். பலகைக்குக் கெடுதல் வந்தால் கம்பெனிக்கு நஷ்டம். ஆள் கெட்டால் வேறு ஆள் கேட்டில் நிற்கிறான். வெயிலின் சூட்டைத் தடுத்து வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் கட்டடக் கண்ணாடியை வியாபாரம் செய்யும் கம்பெனியின் உலை இதே வட்டாரத்தில் இரவு பகலாக எரிகிறது. அந்தக் கண்ணாடி சென்னையிலும் பெங்களூரிலும் ஆபீஸ் மாளிகைகளுக்குப் போகிறது. சுற்றியுள்ள லைன் வீட்டுக்கு ஒரு ஜன்னல் சட்டம்கூட வந்து சேரவில்லை.

ஒரு விசிறியின் கணக்கு

மின்சாரச் சிக்கனத்துக்கு வருவோம். சாதாரண சீலிங் ஃபேன் ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். ஷிப்டு மாறி மாறி ஆள் படுக்கும் அறையில் அது நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். தமிழ்நாட்டில் 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்கள். சரி, அந்த விசிறிக்குச் சரியாகப் போயிற்று என்பீர்கள். இல்லை! பத்து அறைக்கும் சேர்த்து ஒரே மீட்டர். விசிறிக்கு மட்டுமே 900 யூனிட் ஏறுகிறது. இலவசம் அந்த ஒரு மீட்டருக்கு ஒரு 100தான். தலைக்குப் பத்துப் பத்து யூனிட்கூட மிஞ்சாது. யூனிட் கூடக்கூட ரேட்டும் கூடும் படி ஏற்பாடு இருப்பதால், ஏ.சி. போட்ட மாடி பங்களா செலுத்தும் மேல்படி ரேட் ஒற்றை விசிறிக்காரர்கள் தலையில் விழுகிறது. வீட்டுக்காரர் தனி மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் பத்து ரூபாய் என்று வசூலித்துவிடுகிறார்.

30 வாட்டில் ஓடும் புது மாதிரி விசிறி கடையில் இருக்கிறதே, அதை வாங்கிச் சிக்கனம் செய்யலாமே என்று யோசனை சொல்வார்கள். உண்மைதான், 90 யூனிட் 36 ஆகக் குறையும். ஆனால் அதன் விலை பழைய விசிறியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. எட்டு மாதக் காண்டிராக்டில் வந்தவன், நாளை எந்த ஊர் அறையில் இருப்போம் என்று தெரியாதவன், வாடகை வீட்டு உத்தரத்தில் யாருக்காக விசிறி வாங்கி மாட்டுவான்? சிக்கனம் செய்வதற்கும் கையில் முதல் வேண்டும். இல்லாதவன் செலவாளியாகத்தான் வாழ முடியும்: சில்லறையாக அரிசி, சிலிண்டரில்லாமல் கிலோக் கணக்கில் காஸ், கேன் தண்ணீர், ஓட்டல் சோறு.

அதுவும் விசிறி எதுவரை உதவும்? காற்றின் சூடு உடம்புச் சூட்டைத் தாண்டிவிட்டால் அது அனலை வாரி முகத்தில் இறைக்கும், அவ்வளவே.

டில்லியில் இருப்பவர்களுக்கு இந்தக் கூரை கண்ணில் படுவதில்லை. ஏ.சி. யந்திரங்கள் ஆரம்பத்திலேயே 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதி செய்தார்கள். 2025 ஜூனில் மின்துறை மந்திரி மனோகர் லால் கட்டார், இனி ஏ.சி. 20 டிகிரிக்குக் கீழே போகாமலும் 28க்கு மேலே ஏறாமலும் இருக்கும்படி செய்யப் போவதாக அறிவித்தார். இருக்கட்டும், நல்லதே. பணக்காரன் அறையில் 20 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது என்று யோசிக்கத் தெரிந்த சர்க்காருக்கு, தொழிலாளி படுக்கும் அறை 40 டிகிரிக்கு மேலே போகக்கூடாது என்று யோசிக்க ஏன் தெரியவில்லை?

மிச்சம் யார் பையில்?

கூலித் தொழிலாளி சிக்கனமாக வாழ்ந்தால் அவன் நிலை உயரும் என்று பிரசங்கம் செய்தவர்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே இருந்தார்கள். அவர்களுக்கு ஏங்கெல்ஸ் 1872இல் வீட்டுப் பிரச்னை பற்றி எழுதிய கட்டுரைகளில் பதில் சொல்லிவிட்டார். அவர் காட்டிய விஷயம் எளியது. ஒரு தொழிலாளி மட்டும் செலவைக் குறைத்தால் அவனுக்கு நாலு காசு மிஞ்சும். ஒரு வட்டாரத்துத் தொழிலாளர்கள் எல்லோருமே குறைந்த செலவில் வாழப் பழகிவிட்டால், கூலியும் அந்த மட்டத்துக்கு இறங்கிவிடும். மிச்சம் முதலாளிக்குப் போய்ச் சேரும்.

ஒரகடத்தில் இதை நேரில் காணலாம். குடும்பம் நடத்தும் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று இங்கே காண்டிராக்டுக் கூலியை நிர்ணயிக்கவில்லை. அறையில் ஐந்தில் ஒரு பங்கு, பாயில் பாதி, கம்பெனி கேண்டீன் சாப்பாடு. இப்படி வாழும் கல்யாணமாகாத இருபது வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் எது போதுமோ அதுதான் கூலி. நல்ல வீடு என்பது கணக்கிலேயே இல்லை. தகரக் கூரையில் நாம் வெந்து மிச்சம் பிடித்த ஒவ்வொரு ரூபாயும் சம்பளப் பேச்சுவார்த்தையில் நமக்கு எதிராக வந்து உட்காருகிறது. "இந்தச் சம்பளத்தில்தானே எல்லோரும் வாழ்கிறார்கள்!" என்று மானேஜர் கேட்கிறார் அல்லவா? அந்த வாழ்க்கையின் சூட்டை அவர் அறிய மாட்டார்.

பெண் தொழிலாளர்களுக்கு விடுதி என்ற பெயரில் நடந்ததை நாடே பார்த்தது. 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் கம்பெனிக்காக ஐபோன் பூட்டும் பெண்கள் தங்கிய விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டினால் 250க்கு மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். 159 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. தரையில் நெருக்கியடித்துப் படுக்கை, தண்ணீர் வராத கக்கூஸ். பெண்கள் ஆயிரக்கணக்கில் சென்னை பெங்களூர் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. ஆனால் உலகம் முழுதும் பேச்சு எழுந்தது. விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டு அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைக்க நேர்ந்தது. அந்தப் பெண்கள் மோர் குடித்துக்கொண்டு சிக்கனமாகப் பொறுத்திருந்தால் இது நடந்திருக்குமா?

2024 ஆகஸ்டு 17இல் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதியை அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். 706 கோடியே 50 லட்சம் ரூபாய் செலவு. பத்து மாடிக் கட்டடங்கள் 13. ஓர் அறைக்கு ஆறு பேர் வீதம் 18,720 பெண்கள். சாலையில் உட்கார்ந்த அந்தப் பெண்கள் இல்லாமல் இந்தக் கட்டடம் வந்திருக்காது. தகர அறையைவிட இது மேல் என்பதில் சந்தேகம் இல்லை. என்றாலும் இரண்டு கேள்விகளை விழுங்கிவிட முடியாது. ஆப்பிள் போன்ற உலகப் பெரும் கம்பெனியின் வேலைக்கு ஆள் தங்க வைக்க ஜனங்களின் சர்க்கார் ஏன் கட்டிக் கொடுக்க வேண்டும்? வேலை போனால் படுக்கையும் போகும் என்ற நிலையில், சங்கத்தில் சேர ஒரு பெண் எத்தனை முறை யோசிப்பாள்?

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இந்த இரண்டாவது கேள்வி புதிதல்ல. பண்ணையாரின் மனையில் குடிசை. கூலி கூட்டிக் கேட்டால் குடிசையைப் பிரித்துப் போடு என்பான். கீழத்தஞ்சையில் செங்கொடி ஏறிய ஊர்களில் எல்லாம் அரைப்படி நெல்லுக்கான சண்டை குடிமனைக்கான சண்டையாகவும் இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவில் வெண்மணியில் 44 உயிர்களை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்ற குடியிருப்புச் சட்டம் 1971இல் தமிழ்நாட்டில் வந்ததென்றால் அது யாருடைய கருணையினாலும் வரவில்லை. நிலப்பிரபு ஊன்றுகோலாகப் பிடித்திருந்த அதே பிடியை, இன்று பத்து மாடிக் கட்டடமாகக் கம்பெனி பிடித்திருக்கிறது.

சட்டம் கூரையைப் பற்றிப் பேசியதே இல்லையா? பேசியிருக்கிறது, ஆலைக் கூரையைப் பற்றி. சுவரும் கூரையும் உள்ளே வெப்பம் மிகாதபடியான பொருளால், அதற்கேற்ற அமைப்பில் இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு சொன்னது. 250 பேருக்கு மேல் இருந்தால் கேண்டீன் வேண்டும் என்றது. வீட்டைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளி வீடு தர வேண்டும் என்று எழுதியது. ஆலைத் தொழிலாளிக்கு அந்தக் கடமை யார் மேலும் சுமத்தப்படவில்லை. இப்போது அந்தப் பழைய சட்டங்களையும் காணோம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புகளை மோடி சர்க்கார் அமலாக்கிவிட்டது. எத்தனையோ பாதுகாப்புகள் சட்டத்திலிருந்து இறங்கி, சர்க்கார் எழுதும் விதிக்குள் ஒடுங்கிவிட்டன.

நிழல் கேட்டவர்களுக்கு நடந்ததையும் மறக்க வேண்டாம். 2024 செப்டம்பர் 9 முதல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊருக்கெல்லாம் குளிர்ப்பெட்டி செய்து கொடுக்கும் கைகள் அவை. ஆலைக்கு அருகே திறந்த வெளியில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் போலீஸ் வந்து அந்தப் பந்தலையே பிரித்துப் போட்டது! வெயில் காய்ந்தால் கலைந்துவிடுவார்கள் என்று கணக்கு. கலையவில்லை. சி.ஐ.டி.யு. சங்கம் 2025 ஜனவரியில் பதிவாகியது.

பரிகாரம் இல்லாத நோயா?

சுண்ணாம்பு தெரியாத தமிழன் உண்டா? கடுக்காய் போட்டு அரைத்த சுண்ணாம்பில் மட்டம் போட்டு, மேலே தட்டோடு பதித்த பழைய மெட்ராஸ் தளம் கோடையில் எப்படி இருந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். கீற்றுக் கொட்டகையின் குளிர்ச்சி தகரத்துக்கு வருமா? ஆனால் கீற்று தீப்பிடிக்கும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஐப்பசி மழையில் ஒழுகும். பழைய குடிசைக்குத் திரும்புங்கள் என்று சொல்கிறவர்கள் அதில் குடியிருந்தவர்கள் அல்லர். குடிசைக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு வேண்டும் என்று நம் மக்கள் கேட்டது நியாயம். 2024இல் கலைஞரின் கனவு இல்லம் என்று 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் அறிவித்தார்கள். அந்தக் கான்கிரீட்டின் மேல் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சுக்கும் ஒரு தொகை எழுதியிருக்கலாம். தகரத்துக்கு வெள்ளைப் பூச்சும், அடியில் ஒரு தடுப்பும், எதிரெதிரே இரண்டு காற்றுத் துவாரமும் இருந்தால் அறையின் வேக்காடு பெரிதும் தணியும். இதில் விஞ்ஞான ரகசியம் ஒன்றும் இல்லை. வெளி மாநிலங்கள் செய்கின்றன. 2010 மே மாத அனலில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக மாண்ட பிறகு, 2013இல் அந்த நகரசபை வெப்பத்துக்கென்றே திட்டம் தீட்டியது. பின்னால் ஏழைக் குடியிருப்புகளின் கூரைக்கு வெள்ளையடிக்கவும் செய்தது. தெலுங்கானா 2023 ஏப்ரலில் குளிர் கூரைக் கொள்கை கொண்டுவந்தது. அங்கும் பாருங்கள், 600 சதுர கஜத்துக்குக் குறையாத மனையில் வீடு கட்டுகிறவருக்குக் கட்டாயம். மூன்று சென்ட்காரனுக்கு உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார்கள்.

தமிழ்நாடு சர்க்கார் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெப்பத்தால் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். செத்த பிறகு! உயிரோடு இருக்கும்போது கூரைக்கு ஒரு வாளிச் சுண்ணாம்பு கிடையாதா?

இங்கே சில தோழர்கள் கோபத்தையெல்லாம் வீட்டுக்காரர் மேல் கொட்டுகிறார்கள். அநியாய யூனிட் ரேட் வாங்குகிறவரோடு சண்டை பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் யார்? பெரும்பாலும் சிப்காட்டுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கி நாலு அறை கட்டியவர். நிலம் இருந்தவருக்கு அந்த நாலு அறையாவது மிஞ்சியது. அந்த நிலத்தில் நடவு நட்டு அறுத்துப் பிழைத்த கூலிக்காரக் குடும்பத்துக்கு நஷ்ட ஈடும் இல்லை, அறையும் இல்லை. ஏரி மாவட்டம் என்று பெயர் எடுத்த பூமி இது. ஏரியும் மேய்க்காலும் சுருங்கச் சுருங்க ஊர்க் காற்றிலும் அனல் ஏறுகிறது. 2022லிருந்து பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் இரவு தோறும் கூடி உட்கார்ந்தது வயலுக்காக மட்டுமல்ல, ஏரிக்காகவும்தான். வீட்டுக்காரரையும் குடித்தனக்காரரையும் மோதவிட்டு மேலே குளிரில் உட்கார்ந்திருப்பவனை விட்டுவிடலாகாது.

பணம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். முதல் உலக யுத்தத்தில் நொறுங்கிப்போன வியன்னா நகரத்தில் பணம் எங்கே இருந்தது? அந்த நகரசபை 1923இல் வீட்டு வரி ஒன்று போட்டது. பங்களாவுக்கும் பெரிய வீட்டுக்கும் வரி செங்குத்தாக ஏறும், தொழிலாளி வீட்டுக்குச் சில்லறை. அந்தப் பணத்தில் 1934க்குள் 60,000க்கு மேற்பட்ட தொழிலாளர் வீடுகள் எழுந்தன. கார்ல் மார்க்ஸ் பெயரில் ஒரே வளாகத்தில் ஏறத்தாழ 1,400 குடித்தனங்கள். வெளிச்சம், காற்று, துணி துவைக்கும் கூடம், குழந்தைப் பள்ளி. கட்டியவர்கள் கம்யூனிஸ்டுகள் அல்லர், சமூக ஜனநாயகவாதிகள். அவர்களோடு நமக்குள்ள வழக்கு தனி. ஆனால் அந்தக் கட்டடம் முதலாளிகளுக்கு எவ்வளவு உறுத்தியது என்றால், 1934 பிப்ரவரியில் பாசிஸ்டுச் சர்க்கார் அதன் மேல் பீரங்கி வைத்துச் சுட்டது. பக்கத்தில் கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு, 2019இல் பாலக்காடு கஞ்சிக்கோட்டில் வெளிமாநிலத் தொழிலாளர் 620 பேருக்கு விடுதி கட்டியது. 620 என்பது சிறிய எண். ஆனால் காண்டிராக்டருடைய தகரக் கொட்டகையை விட்டுத் தொழிலாளி வெளியேற வழி உண்டு என்பதை அது காட்டியது.

இந்த வட்டாரத்தில் கம்பெனி ஒவ்வொன்றிடமும் ஆள் கணக்குப்படி வீட்டு நிதி வசூலிக்க வேண்டும். காண்டிராக்டுத் தொழிலாளியையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தப் பணத்தில் சர்க்கார் கட்டும் வீட்டில் வாடகைச் சீட்டு தொழிலாளி பெயரில் இருக்க வேண்டும், கம்பெனி பெயரில் அல்ல. லைன் வீட்டுக்கு அறை ஒன்றுக்கு ஒரு மின் இணைப்பு, அறை ஒன்றுக்கு 100 யூனிட். தகரக் கூரையைப் பஞ்சாயத்துச் செலவில் வெள்ளையடித்துக் கொடுத்தால் வாடகையை ஏற்றக்கூடாது என்ற நிபந்தனை. இவை ஆகாயக் கோட்டைகள் அல்ல. சம்பளக் கோரிக்கைப் பட்டியலில் இதுவரை வீட்டு வாடகைப் படி என்று ஒரு வரி எழுதிவிட்டு நாமும் சும்மா இருந்தோம். கூரையும் காற்றும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும்.

பெண்கள் விடுதிகளுக்கு 2014ஆம் வருஷத்துத் தமிழ்நாடு விடுதிகள் சட்டம் இருக்கிறது. கலெக்டரிடம் பதிவு செய்யாமல் பெண்கள் விடுதி நடத்தக்கூடாது. உங்கள் விடுதியின் பதிவுச் சான்று எங்கே என்று கேளுங்கள். தனியாகக் கேட்க வேண்டாம், பத்துப் பேராகக் கேளுங்கள்.

அடுத்த வார ஓய்வு நாளில் ஒரு காரியம் செய்யுங்கள், தோழர்களே! தெருவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம், சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்று. பகல் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஒவ்வோர் அறைக்குள்ளும் எத்தனை டிகிரி, கூரை தகரமா, ஷீட்டா, கான்கிரீட்டா, படுப்பவர் எத்தனை பேர், வாடகை எவ்வளவு, யூனிட் என்ன விலை, எந்தக் கம்பெனி, எந்தக் காண்டிராக்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஹிந்தி தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போய் வடநாட்டுத் தோழர்களின் கொட்டகைகளையும் விடாமல் எழுதுங்கள். கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் காலனி வீடுகளுக்குச் செய்யட்டும். வீட்டுக்காரர் பெயரை எழுத வேண்டாம். அறைக்கு எண் போட்டால் போதும். நோட்டுகளைச் சங்க ஆபீஸில் கொண்டுவந்து கொடுங்கள். கலெக்டர் மேஜையிலும் லேபர் கமிஷனர் மேஜையிலும் அவற்றை வைக்க ஊர்வலமாகப் போவோம்.